மூக்குக்காரர் சுந்தரமூர்த்தி

சுந்தரமூர்த்தி எதையும் முகர்ந்து பார்க்காமல் வாயில் வைக்க மாட்டார். காபி டம்ளர், சாம்பார்க் கரண்டி, கடையில் வாங்கிய பிஸ்கட், எதுவானாலும் முதலில் மூக்குக்குத்தான் போகும். தைத்து வந்த புதுச் சட்டையைக்கூட ஒரு தடவை முகர்ந்துவிட்டுத்தான் போடுவார். அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த மகள் ஷோபனா, ஒன்றாம் வகுப்பில் சத்துணவுத் தட்டை முகர்ந்து டீச்சரிடம் திட்டு வாங்கியிருக்கிறாள்.

அந்தப் பழக்கத்தில் எப்போதோ ஒரு சின்ன ஒட்டு வந்து சேர்ந்தது. முகர்ந்து முடித்ததும் டம்ளரைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவார். "நீயும் பாரு" என்பார். மனைவி செல்லம்மாளோ ஷோபனாவோ முகர்ந்து பார்த்து, நல்லாத்தான் இருக்குது என்று சொன்ன பிறகுதான் குடிப்பார். வயசாக ஆக மனுஷனுக்குக் கொஞ்சல் கூடுது என்று செல்லம்மாள் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள். ஷோபனாவும் அதைப் பாசம் என்றுதான் எடுத்துக்கொண்டாள். தனக்குப் பிடித்ததை மகளோடு பங்கு போட்டுக்கொள்கிற அப்பா. கல்லூரியில் தோழிகளிடம்கூட அதைப் பெருமையாகச் சொன்னாள்.

செஞ்சியில் சிங்கவரம் சாலை பிரியும் இடத்தில் இருந்த பால் சொசைட்டியில் சுந்தரமூர்த்தி டெஸ்டர். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டுக் கேன் கழுவ வந்தவர். பீரங்கிமேட்டுப் பக்கம் குடும்பத்துக்கு இருந்த கொஞ்ச நிலம் அண்ணன்கள் கைக்குப் போனது. இவருக்கு மிஞ்சியது மூக்கு. கேன் கழுவும்போதே, எந்தக் கேனில் எந்த வீட்டுப் பால் வந்தது என்று சொல்லிவிடுவார். அதைப் பார்த்துத்தான் அவரை டெஸ்ட் மேசைக்கு அனுப்பினார்கள்.

கேன் மூடியைத் திறந்ததும் அதன் உள்பக்கத்தைத்தான் முதலில் முகர வேண்டும். பாலின் வாசனை அங்கேதான் அடைந்துகிடக்கும். ஒரு மூச்சு போதும். இரண்டாவது மூச்சில் மூக்கு பழகிப்போய்விடும். தண்ணீரையும் கொழுப்பையும் சொல்ல மெஷின் உண்டு. புளிக்கத் தொடங்கிய பாலை அந்த மெஷின் சொல்லாது. அது டெஸ்டரின் மூக்கு சொல்ல வேண்டியது. ஏனென்றால் ஊர்ப் பால் முழுக்க ஒரே குளிர்தொட்டியில் விழுகிறது. ஒரு கேன் கெட்டது உள்ளே போனால் தொட்டியே திரிந்துவிடும்.

அவர் பெண் பார்க்கப் போன கதையைச் செல்லம்மாள் இன்றைக்கும் சொல்வாள். காபியைக் கையில் கொடுத்ததும் மாப்பிள்ளை முகர்ந்து பார்த்துவிட்டு, இது காலையில் கறந்த பால் இல்லையே என்றாராம். கூடத்தில் இருந்தவர்கள் முகம் செத்துப்போனது. கதவுக்குப் பின்னால் இருந்த செல்லம்மாள் மட்டும், "நேத்து வரேன்னு சொல்லிட்டு இன்னிக்கு வந்தா நேத்துப் பாலுதான் கெடைக்கும்" என்றாள். கல்யாணம் அங்கேயே முடிவாகிவிட்டது என்பாள்.

மங்கை அந்தச் சொசைட்டிக்குக் காலனியிலிருந்து முதன்முதலாகப் பால் ஊற்ற வந்தவள். லோனில் வாங்கிய ஒரே ஒரு ஜெர்சிப் பசு. முதல் நாள் வரிசையில் நின்ற சிலர் முகத்தைச் சுளித்தார்கள். அந்தப் பாலைத் தனியாக வாங்கி வைத்தால் என்ன என்று செயலாளர் குருவின் காதில் போட்டார்கள். குரு பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். சுந்தரமூர்த்தி அவள் கேன் மூடியை வாங்கி முகர்ந்தார். "மாடு வேப்பந்தழ தின்னுருக்குது. வேற கொறை இல்ல" என்று சொல்லிவிட்டு, எல்லோர் பாலும் விழுகிற தொட்டியிலேயே அதையும் ஊற்றினார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. மூக்குக்காரர் சொன்னால் சொன்னதுதான்.

அன்றிலிருந்து மங்கைக்கு அவர் மூக்கண்ணா. அவளுக்கு வாய் நீளம். வரிசையில் நிற்கிற நேரமெல்லாம் அவரைச் சீண்டிக்கொண்டே இருப்பாள்.

"மூக்கண்ணா, நேத்து எங்க ஊட்டுல இன்னா கொழம்பு, சொல்லு பாக்கலாம்."

"கருவாடு."

"கருவாடு வாங்க நீ காசு குடுத்தியா? காரக்கொழம்பு."

"அப்ப பக்கத்து ஊட்டுல கருவாடு."

மங்கை கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது வாஸ்தவம்" என்பாள். வரிசையே சிரிக்கும். லீவு நாளில் அப்பாவோடு போய் உட்கார்ந்திருக்கும் ஷோபனாவுக்கு அந்தப் பேச்சைக் கேட்கத்தான் சொசைட்டிக்குப் போகப் பிடிக்கும்.

ஷோபனா பன்னிரண்டாவது எழுதி முடித்திருந்த சித்திரை மாதத்தில் அந்தத் தொட்டி திரிந்தது. காலையில் டேங்கர் லாரியில் வந்தவர், வழக்கம்போலக் கொஞ்சம் பாலைக் கண்ணாடிக் குழாயில் எடுத்துச் சுடவைத்தார். பால் கட்டிகட்டியாகப் பிரிந்து நின்றது. இதை ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஊர்ப் பால் முழுவதையும் பின்பக்க வாய்க்காலில் திறந்துவிட வேண்டியிருந்தது. வெள்ளையாக ஓடிய அந்த வாய்க்காலைப் பார்த்தபடி ஜனங்கள் நின்றார்கள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

யார் கேன் என்று குரு கேட்டார். எல்லோரும் சுந்தரமூர்த்தியைப் பார்த்தார்கள். அவர் அடுக்கி வைத்திருந்த கேன்களைப் பார்த்தார்.

"கடைசியா வந்தது மங்க கேனு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒரு மாதிரிதான் இருந்துச்சு. போவட்டும்னு உட்டுட்டேன்" என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. டீக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது மங்கை கேனையே கழுவுவதில்லை என்று ஆனது. சந்தைக்குப் போனபோது, காலனிக்காரர்கள் பழைய பாலையும் புதுப் பாலையும் கலந்து ஊற்றுகிறார்கள் என்று ஆனது. சொன்னவர்கள் யாரும் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் சொன்னதைத்தான் சொன்னார்கள், லேசாக இன்னும் ஒரு வளைவு வளைத்து.

மறுநாள் மங்கை கேனோடு வந்தாள். வரிசையில் நிற்கவில்லை. நேராக மேசைக்கு வந்து மூடியைக் கழற்றி நீட்டினாள். "மோந்து பாத்து நீயே சொல்லுண்ணா" என்றாள். சுந்தரமூர்த்தி மூடியை வாங்கி முகர்ந்தார். வரிசையைப் பார்த்தார். மூடியைத் திருப்பிக் கொடுத்தார். இன்றைக்கு வேண்டாம்மா என்று குரு சொன்னார். மங்கை இன்னும் சில நாள் வந்து பார்த்தாள். பிறகு வரவில்லை. கொஞ்ச நாளில் பசுவை விற்றுவிட்டாள். வீட்டுக்கு வீடு ஊற்றிய பாலும் நின்றுபோயிருந்தது. இப்போது ராஜகிரிக் கோட்டை அடிவாரத்தில், மலையேற வருகிறவர்களுக்கு மோரும் வெள்ளரிப் பிஞ்சும் விற்கிறாள்.

சொசைட்டியில் ஒரு புதுச் சொல் மட்டும் தங்கிவிட்டது. பால் கொஞ்சம் புளித்திருந்தால், சந்தேகமாக இருந்தால், அது 'மங்க கேன்'.

அதற்குப் பிறகு மற்றவர்களும் மூடியை முகர வேண்டும் என்று சுந்தரமூர்த்தி ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். கேன் கழுவுகிறவர், கணக்கெழுதுகிறவர், யார் பக்கத்தில் இருந்தாலும் நீட்டுவார். "நீயும் பாரு." தொட்டி மறுபடியும் திரியவில்லை. எவ்வளவு பொறுப்பான மனுஷன் என்று குரு பெருமைப்பட்டார்.

கொரோனாவின் இரண்டாவது அலை வந்த வருஷம், ஷோபனா வீட்டில் இருந்தபடி போனில் பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் சொசைட்டி வாசலில் குரு முகக்கவசத்தை இறக்கிவிட்டு, "மூக்கு செத்துப்போச்சு சுந்தரம். பொண்டாட்டி மீனு வறுக்கிறா, எனக்கு ஒண்ணுமே தெரியல" என்றார். சுந்தரமூர்த்தி உடனே, "எனக்கும்தான்" என்றார். சொல்லும்போது அவர் முகம் லேசாகித் தெளிந்ததை ஷோபனா பார்த்தாள். மூக்கை வைத்துப் பிழைக்கிற மனுஷர், மூக்கு போய்விட்டது என்று சொல்லிவிட்டு ஏன் சந்தோஷப்படுகிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. அடுத்த மாதம் குருவுக்கு வாசனை திரும்பி வந்தது. சுந்தரமூர்த்தியும் தனக்கு வந்துவிட்டதாகச் சொன்னார்.

பிறகு அவருடைய இடது கை நடுங்கத் தொடங்கியது. அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே தூக்கத்தில் கத்துவதும் உதைப்பதும் உண்டு. கனவில் யாரையோ துரத்துவார், உதை செல்லம்மாள் மேல் விழும். மலச்சிக்கலுக்கு விளக்கெண்ணெய் குடித்துக் குடித்து அலுத்துப்போயிருந்தார். இவற்றை எல்லாம் யாரும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. நடை குறுகி, கால் தரையோடு இழுபட ஆரம்பித்த பிறகுதான் புதுச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஷோபனா அப்போது அங்கே எம்.எஸ்சி. உயிர்வேதியியல் சேர்ந்திருந்தாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள்.

வாசனை தெரியாமல் போனது உண்டா என்று டாக்டர் கேட்டார். செல்லம்மாள் முந்திக்கொண்டு, "இவருக்கா சார்? ஊர்ல இவருக்குப் பேரே மூக்குக்காரரு" என்றாள். டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு சின்ன பாட்டிலைத் திறந்து மூக்கருகே வைத்தார்.

"சோப்பு" என்றார் சுந்தரமூர்த்தி.

அது காபித்தூள். செல்லம்மாள் சிரித்தாள். கணவர் விளையாடுகிறார் என்று நினைத்தாள். அடுத்த பாட்டிலில் சோப்பு இருந்தது. அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை. மூடிய இமைக்கு அடியிலிருந்து நீர் வழிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் திண்டிவனம் தாண்டிய பிறகு, மகள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார். கொரோனாவுக்கு ரொம்ப முன்னாலேயே மூக்கு போய்விட்டதாம். ஷோபனா பத்தாவது படித்தபோதே குறைய ஆரம்பித்ததாம். மூக்கு இல்லாத டெஸ்டரை எவன் வைத்துக்கொள்வான் என்று பயந்து வெளியே சொல்லவில்லையாம். "அந்தத் தொட்டி திரிஞ்சப்போ எனக்கு எந்தக் கேனும் மணக்கல ஷோபி. யாரு பாலுன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியாது" என்றார்.

'நீயும் பாரு' என்று நீட்டப்பட்ட டம்ளர்கள் ஒவ்வொன்றாக ஷோபனாவுக்கு ஞாபகம் வந்தன. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேறு யார் பெயரையும் சொல்லாமல் அவர் ஏன் மங்கை பெயரைச் சொன்னார் என்று கேட்க நினைத்தாள். கடைசியாக வந்த கேன் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் வரிசையில் ஒருவரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? கேட்கவில்லை. அவருக்கே அது தெரியாமல் இருக்கட்டும் என்று ஏனோ தோன்றியது.

நடுக்குவாதம் என்று டாக்டர் சொன்ன அந்த நோயைப் பற்றி வீட்டில் சொல்லும் வேலை ஷோபனாவுடையது. வகுப்பில் ஒரு மணி நேரத்தில் படம் போட்டுக் காட்டிவிட்டுப் போன பாடம், அம்மா அப்பாவுக்குச் சொல்ல உட்கார்ந்தபோது வாயில் வரவில்லை. கடைசியில் சொசைட்டிப் பாஷையிலேயே சொன்னாள். நரம்பு செல்லுக்குள் ஆல்ஃபா சைனூக்ளின் என்று ஒரு புரோட்டீன் உண்டு. ஒழுங்காக இருக்கும்வரை அதனால் தொந்தரவு இல்லை. அதில் ஏதோ ஒன்று தப்பாக மடிந்துகொள்கிறது. தான் மட்டும் கோணிக்கொண்டால் பரவாயில்லை, பக்கத்தில் இருப்பதையும் தன்னைப் போலவே கோண வைக்கிறது. கோணியவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. அந்தக் கட்டியின் துணுக்கு அடுத்த செல்லுக்குள் போகிறது. அங்கேயும் அதே கதை. பலருக்கு இது மூக்கு நரம்பிலோ குடலிலோ தொடங்குவதாகச் சொல்கிறார்கள். அங்கிருந்து தூக்கத்தைக் கவனிக்கிற இடம், பிறகு கைகாலை நடத்துகிற இடம், அப்புறம் ஞாபகம், யோசனை என்று மெல்ல மெல்ல ஏறுகிறது. எல்லோருக்கும் இதே வழிதான் என்றும் இல்லை. ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது.

"ஒரு கேனு கெட்டது தொட்டியில உழுந்த மாதிரி" என்றார் சுந்தரமூர்த்தி.

"கிட்டத்தட்ட. ஆனா பாலு ஒரே நாள்ல திரியும். இதுக்குப் பல வருஷம் ஆவும்."

"மொத ஒண்ணு ஏன் கோணிக்குது?"

"யாருக்கும் சரியாத் தெரியாது நைனா."

"எம்எஸ்சி படிச்சுமா?"

"எம்எஸ்சி படிச்சதாலதான் தெரியாதுன்னு தெரியுது."

அவர் வெகு நேரம் சிரித்தார். முகத்தில் சிரிப்பு முழுதாக வராமல் போகத் தொடங்கியிருந்த காலம் அது. தோள் மட்டும் குலுங்கியது.

செல்லம்மாள் காதில் ஏறியது புரோட்டீன் என்ற ஒன்றுதான். மறுநாளிலிருந்து கணவருக்கு முட்டையையும் சுண்டலையும் நிறுத்திவிட்டாள். புரோட்டீன் கட்டியாகுதுன்னு நீதானே சொன்ன, அப்புறம் முட்டை எதுக்கு என்றாள். அது உடம்புக்குள்ளேயே உண்டாகிற வேறு புரோட்டீன், முட்டைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று ஷோபனா தலைகீழாக நின்றாள். அந்த மாதம் பார்க்கப் போனபோது, மாத்திரை போடுகிற நேரத்தில் பருப்பு, முட்டை சாப்பிட வேண்டாம், மருந்து சரியாக ஏறாது என்று டாக்டர் சொன்னார். செல்லம்மாள் மகளைப் பார்த்த பார்வையில் பல்கலைக்கழகமே தோற்றுப்போனது. பரவுகிற வியாதியாம் என்று தெருவில் பேச்சு கிளம்பி, பக்கத்து வீட்டுக்காரி அவர்கள் வீட்டு டம்ளரில் வாங்கிக் குடிப்பதை நிறுத்தினாள். இது ஒரு தலைக்குள்ளேயே ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குப் பரவுவது, ஆளுக்கு ஆள் தொற்றாது என்று ஷோபனா வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்.

இதை நிறுத்த முடியுமா என்று சுந்தரமூர்த்தி ஒரே ஒரு தடவை கேட்டார். நடுக்கத்தைக் குறைக்க மாத்திரை உண்டு, பரவுவதை நிறுத்த இன்னும் மருந்து வரவில்லை என்றாள் மகள். குரல் இறங்குமா என்று கேட்டார். இறங்கலாம் என்றாள்.

"அப்ப பேச்சு இருக்கும்போதே போய்ச் சொல்லிடணும்" என்றார்.

கோட்டை அடிவாரத்துக்கு ஆட்டோ வைத்துப் போய் மங்கையிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று ஷோபனா சொன்னாள். அவர் தலையாட்டவில்லை. "அவகிட்ட சொன்னா அவளுக்கு இன்னா புதுசு? அவ பாலு நல்ல பாலுன்னு அவளுக்குத் தெரியாதா? தெரியாதவன் வரிசையில நிக்கிறான்" என்றார். சொன்ன இடத்திலேயே, பால் ஊற்றுகிற நேரத்தில், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். அதுதான் அவருக்கு வேண்டியது.

ஷோபனா மங்கையைத் தேடிப் போனாள். மலை இறங்கி வந்த கூட்டத்துக்கு மோர் ஊற்றிக்கொண்டே மங்கை எல்லாவற்றையும் கேட்டாள். ஷோபனா சொல்லி முடித்ததும் அவளுக்கும் ஒரு டம்ளர் ஊற்றினாள். "மூக்கு இல்லன்னா இல்லன்னு சொல்றதுக்கு இன்னா? என்னைச் சொன்னாரே" என்றாள். அந்தப் படியை நான் மிதிக்க மாட்டேன், வேண்டுமானால் அவர் இங்கே வரட்டும் என்றாள். ஷோபனா, அப்பா சொன்ன காரணத்தைச் சொன்னாள். மங்கை மோர்ப்பானையை மூடினாள்.

அதற்குப் பிறகும் ஷோபனா போனாள். படிப்பு முடிந்து, திண்டிவனத்தில் ஒரு லேப்பில் ரத்தம் பரிசோதிக்கிற வேலையில் சேர்ந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை தோறும் போனாள். தான் யாருக்காகப் போகிறோம் என்று அவளுக்கே சில நாள் சந்தேகம் வந்தது. அப்பாவின் மனது ஆறவா, மங்கைக்கு நியாயம் கிடைக்கவா, இல்லை, அந்தக் காலத்தில் வரிசையில் உட்கார்ந்து சிரித்த குழந்தையைத் திரும்பப் பார்க்கவா? மங்கை நோயைப் பற்றி மட்டும் விசாரிப்பாள். இப்போ சாப்பிடுறாரா, தானா நடக்கிறாரா, பழையபடி மோந்து பார்க்கிறாரா. கடைசிக் கேள்விக்கு, ஆமாம் இன்னும் பார்க்கிறார் என்று ஷோபனா சொன்னபோது, மங்கை மோர்க் கரண்டியைக் கீழே வைத்தாள். "பொங்கல் கழிச்சு வரேன்" என்றாள்.

பொங்கல் கழிந்து அவள் வந்தாள். ஆனால் நோய் பொங்கல்வரை காத்திருக்கவில்லை. சுந்தரமூர்த்தியின் குரல் மூச்சோடு மூச்சாகிவிட்டிருந்தது. வாயருகே காதை வைத்தால் மட்டும் கேட்கும். சில நேரம் ஷோபனாவை அவருடைய அக்கா என்று நினைத்துக்கொள்வார். சில நேரம் நல்ல தெளிவு இருக்கும். அன்றைக்குத் தெளிவாக இருந்தார். ஷோபனாவும் செல்லம்மாளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு அவரைச் சொசைட்டியில் இறக்கினார்கள். மங்கை சாலை ஓரத்திலேயே நின்றிருந்தாள். அவரைக் கண்டதும் இறங்கி வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

வரிசையில் இருந்தவர்கள், வேலையை விட்டுப் போயிருந்த மூக்குக்காரரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். ஒருவர் நாற்காலி கொண்டுவந்தார். அவர் உட்காரவில்லை. பழைய மேசையைப் பிடித்துக்கொண்டு வரிசையைப் பார்த்து வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. குளிர்தொட்டியின் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. என்ன கேட்கிறார் என்று பின்னால் நின்றவர் கேட்டார். பால் கேட்கிறார் போல என்று முன்னால் நின்றவர் சொன்னார். குரு ஓடிப்போய் ஒரு டம்ளரில் பாலை எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் வைத்தார்.

சுந்தரமூர்த்தி டம்ளரைப் பார்த்தார். கை நடுங்கப் பால் விரலில் சிந்தியது. வழக்கம்போல மூக்கருகே கொண்டுபோனார். பிறகு மெல்லத் திரும்பி, அதை மங்கையிடம் நீட்டினார்.

மங்கை அவர் கையோடு சேர்த்து டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். குனிந்து முகர்ந்தாள்.

"நல்லாத்தான்ண்ணா இருக்குது" என்றாள்.

வரிசை சிரித்தது. பிரியமான சிரிப்புதான். மூக்குக்காரர் மாறவே இல்லை என்றார்கள். மோட்டாரை நிறுத்தச் சொல்லி, அப்பா சொல்ல வந்ததைத் தானே உரக்கச் சொல்லிவிடலாம் என்று ஷோபனா நினைத்தாள். ஆனால் அவர் இன்னும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அவர் முடிக்கட்டும் என்று நின்றாள். அவர் முடித்தபோது வரிசை நகர்ந்துவிட்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து அவள் குருவிடம் போய் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாள். மூக்கு எப்போது போனது, ஏன் போனது, தொட்டி எப்போது திரிந்தது. குரு பொறுமையாகக் கேட்டார். அவர் கண்கூடக் கலங்கியது. "பாவம்மா. அந்த வியாதியில அப்படியெல்லாம் தோணும். உங்க நைனா மூக்கு பொய் சொல்லாது. நான் கூடவே இருந்தவன்" என்றார்.

ஆடி பிறப்பதற்கு முன் சுந்தரமூர்த்தி இறந்துபோனார். கடைசியில் விழுங்க முடியாமல், நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் வந்து போனார். சொசைட்டிக்கு அன்று சாயங்காலம் லீவு விட்டார்கள். மங்கை ஒரு பானை மோரோடு வந்தாள். வந்தவர்களுக்கெல்லாம் அவளே ஊற்றிக் கொடுத்தாள். சொசைட்டி வரிசையில் நின்றவர்களும் வாங்கிக் குடித்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு ஷோபனா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நைனா சொல்ல வேண்டியதை இனிமேல் நானே ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்கிறேன் என்றாள்.

"சொல்லும்மா, வேணாம்னு சொல்லல" என்றாள் மங்கை. "ஆனா அவரு சொல்லி உட்டது அது. நீ சொன்னா, பொண்ணு பாசத்துல சொல்லுதும்பாங்க."

அவள் சொன்னபடிதான் நடந்தது. ஷோபனா சொன்னவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள், அப்பாவின் நல்ல மனசைப் புகழ்ந்தார்கள், பிறகு பால் ஊற்றப் போனார்கள். கோணிய ஒன்று பக்கத்தில் இருப்பதைக் கோண வைக்கிறது என்று அவள் படித்திருக்கிறாள். நிமிர்ந்த ஒன்று பக்கத்தில் இருப்பதை நிமிர்த்துமா என்று பாடத்தில் தேடினாள். அப்படி ஒரு வரியை அவள் எங்கும் பார்க்கவில்லை.

போன வாரம் வீட்டுக்குப் பால் வாங்கச் சொசைட்டிக்குப் போனாள். அப்பாவின் மேசையில் நிலா என்று ஒரு பெண் இருக்கிறாள். டிப்ளமா படித்தவள், புதிதாக வேலைக்கு வந்தவள், அவலூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். செஞ்சியில் யாரையும் அவளுக்குத் தெரியாது. ஒரு கேன் மூடியைத் திறந்து முகர்ந்தவள் முகத்தைச் சுளித்து, உள்ளே இருந்த குருவைக் கூப்பிட்டாள்.

"சார், இது மங்க கேனு."

மங்கை யார் என்று தெரியுமா என்று ஷோபனா கேட்டாள். தெரியாதுக்கா, கெட்ட பாலுக்கு இங்க அப்படித்தானே சொல்வாங்க என்றாள் நிலா. ஷோபனா மேசை ஓரமாக நின்று, அப்பாவின் மூக்கிலிருந்து ஆரம்பித்துச் சொல்லத் தொடங்கினாள். நிலா கண்ணை விரித்துக் கேட்டாள். பாதி சொல்வதற்குள் வரிசையில் பின்னால் இருந்தவர், வெயில் ஏறுதும்மா என்றார். நிலா சங்கடமாகச் சிரித்துவிட்டு அடுத்த மூடியைத் திறந்தாள்.

ஒதுக்கி வைத்த கேனைத் தூக்கிக்கொண்டு போனவரிடம், என்னாச்சு என்று வாசலில் யாரோ கேட்டார்கள். "மங்க கேனு" என்று அவர் சொன்னது ஷோபனாவுக்குக் கேட்டது. சுந்தரமூர்த்தி அந்த வரிசைக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை பாக்கியாகவே நிற்கிறது.